கால் பாவாத தெரு

கட்டியில்லாமல் மசித்த பருப்பைத் தின்றவர்களின் கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் மேலே நிற்கத் தொடங்கிய அந்த ஆனி மாதத்தில், ஆனைப்பாலத் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை, யாரும் பயப்படவில்லை, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரலையும் காற்றையும் வருஷாவருஷம் ஏற்றுக்கொள்வதுபோல இதையும் ஏற்றுக்கொண்டு, இனிமேல் செருப்பு எதற்கு, கொசுவலையை எந்த உயரத்தில் கட்டுவது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். குழல்மொழி ஒருத்திக்கு மட்டும்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தப் பருப்பை மசித்த கருவி வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்று நின்று வாதாடி, எதிரில் பதில் பேச ஆளில்லாமல் ஜெயித்தவள் அவள். ஜெயித்த வாதத்தை ஒருவரும் மதிக்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தோற்ற பக்கம் தன் அம்மாவை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதையும் அவள் நின்று பார்க்க வேண்டியிருந்தது, அதுதான் தாங்கவில்லை.

வாதம் நடந்தது வைகாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டு அடுக்களையில். கீழ்வீட்டில் குழலியும் (பல்கலைக்கழகத்தில் குழல்மொழி, வீட்டிலும் தெருவிலும் குழலி) அவள் அம்மா சண்முகவடிவும் இருந்தார்கள். மாடியில் அண்ணன் திருமலைக்குமாரும் அவன் மனைவி ஆவுடைச்செல்வியும். வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு, நடுவில் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் கிண்ணங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மேலிருந்து குழம்பு வந்த கிண்ணம் வெறுங்கிண்ணமாக மேலே போகக் கூடாது. கூட்டோ பொரியலோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியோ போட்டுத்தான் திருப்பவேண்டும், வந்ததைக் கொட்டுவது என்ற பேச்சே கிடையாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"பருப்பையும் தக்காளியையும் சூடா மிக்சில போட்டா மூடி பறக்கு, சொவரெல்லாம் சாம்பார்," என்றாள் ஆவுடை. அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், விடிந்ததும் சமைத்து வைத்துவிட்டுப் போய் நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துகிறவள். "ஆற வச்சு அரைக்கணும்னா பஸ்ஸு போயிரும். இந்த ஹேண்ட் பிளெண்டர்னா குக்கருக்குள்ளயே முக்கி ஒரு அமுக்கு, தீந்துது. கழுவ மூணு ஜாரு கெடயாது, ஒத்தத் தண்டுதான். வாங்கலாமான்னு பாக்கேன்."

வாங்கலாமான்னு பாக்கேன் என்று ஒரு மருமகள் சொன்னால், கேட்டவர்கள் வாங்கேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். குழலிக்கு நகரத் தெரியாது. அவள் பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி போய்வந்து சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிறவள், அதுவும் வீட்டுவேலையைப் பற்றி, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம்கூட அதைப் பற்றி வாதாடி அவரை அடுத்த பெட்டிக்கு மாற வைத்தவள்.

"மதினி, அது இட்லிக்கு மாவு அரைக்குமா?"

"அரைக்காது."

"தேங்கா?"

"தண்ணி நெறைய விட்டா அரைக்கும். நைசா வராது."

"வத்தல், மல்லி?"

"அதுக்கெல்லாம் மிக்சிதான்."

"அப்ப கிரைண்டரும் இருக்கணும், மிக்சியும் இருக்கணும், கீரைக்கு மத்தும் இருக்கணும், அதுக்கு மேல இது ஒன்னு. ஒவ்வொன்னு வரும்போதும் பொம்பளைக்கு நேரம் மிச்சம்னுதான் சொன்னாவ. மிச்சமான நேரம் எங்க போச்சு? கிரைண்டர் வந்துது, தெனமும் தோசை கேட்டாவ. மிக்சி வந்துது, மூணு வகை சட்னி கேட்டாவ. இது வந்தா ராத்திரிக்கு சூப்பு கேப்பாவ. வேலைய மெசினு கொறைக்காது மதினி, இன்னொரு ஆளு வந்து கை குடுத்தாத்தான் கொறையும்," என்று சொல்லி நிறுத்தி, குழலி தன் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கு சூப்பு பிடிக்கும்," என்றான்.

முக்காலியில் உட்கார்ந்து சிறுகீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, அழுகல் இலையைத் தனியாக எடுத்துப் போட்டாள். ஆவுடை சிரித்தாள். "நீ சொல்லுததெல்லாம் சரிதான் குழலி," என்றாள். சரிதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே வாங்கிக்கொண்டு வந்தாள். எதிர்த்துப் பேசினால் இன்னும் பத்துக் காரணம் எடுத்து வைத்திருப்பாள் குழலி. சரிதான் என்று ஒத்துக்கொண்டே தன் வழியில் போகிற ஆளிடம் எதை எடுத்து வைப்பது? ஆவுடையின் இந்தக் குணம் குழலிக்கு ஆகவே ஆகாது, இந்தக் குணம் தனக்கு இல்லையே என்பதும் ஆகாது.

அந்தக் கருவிக்கு முங்குமிக்சி என்று பேர் வைத்தது அம்மாதான், குளத்தில் முங்குவதுபோல அது குழம்பில் முங்குகிறது என்பதால். தெருவும் அப்படியே கூப்பிட்டது. முதல் நாள் ஆவுடை தண்டைக் குக்கரின் அடியில் படும்படி சாய்த்து முக்கி, முக்கிய பிறகே பொத்தானை அமுக்கி, அவசரப்படாமல் மேலும் கீழுமாகக் கொண்டுபோய், பருப்பும் தக்காளியும் பூசணியும் எது எது என்று தெரியாதபடி ஒன்றாக்கி, கிண்ணத்தில் ஊற்றிக் கீழே அனுப்பினாள். அம்மா அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். ரயில் இறங்கிக் குழலி வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா நடுவீட்டில் தரைக்கு ஒரு சாண் மேலே நின்று சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்கலட்டி," என்றாள் அம்மா, கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லும் குரலில்.

அம்மாவின் முட்டி இரண்டும் தேய்ந்து வருஷங்களாகிவிட்டன. கோயிலுக்கோ ரேஷன் கடைக்கோ பக்கத்து வீட்டு வளைகாப்புக்கோ, எங்கே போனாலும் குழலியின் இடது தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். "எந் தோளு என்ன கைத்தடியா" என்று குழலி சலித்துக்கொள்வாள், சலித்துக்கொண்டே தோளைத் தாழ்த்திக் கொடுப்பாள். அவளுடைய ரவிக்கைகளும் சுடிதார்களும் இடது தோளில்தான் முதலில் நைந்துபோகும். மாடிப்படியை மட்டும் அம்மாவால் தோளைப் பிடித்தும் ஏற முடியாது. அதில் குழலிக்கு ஒரு நிம்மதி இருந்தது, வெளியே சொல்ல முடியாத, ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்த அத்தியாயத்திலும் வைக்க முடியாத நிம்மதி. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா படிக்கட்டில் ஒரு படியையும் மிதிக்காமல் மேலே போனாள். மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அப்படிச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்று குழலிக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கிண்ணத்தில் அவளுக்கென்று மீதி வைத்திருந்தார்கள். அவள் தொடவில்லை. ரயிலில் கடலைமிட்டாய் தின்றுவிட்டேன், பசியில்லை என்றாள்.

தெரு அதன்பிறகு தாமதிக்கவில்லை. ஆவுடையிடம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு முங்குமிக்சி வாங்கினார்கள், வாங்கியவர்களில் அவசரக்காரர்கள் தண்டை வெளியே எடுத்துவிட்டு அமுக்கி முகமெல்லாம் ரசமானார்கள், பொறுமைக்காரர்கள் ஒரு சாண் உயர்ந்தார்கள், பாதிப் பொறுமைக்காரர்கள் நாலு விரல் உயர்ந்தார்கள். வாசல் கோலம் ராத்திரிவரை அழியாமல் கிடந்தது. செருப்புக் கடைக்காரர் முதலில் அழுதார், பிறகு கடையில் பாதியைக் குடைக்கு மாற்றினார். கோயிலில் பூசாரி யோசித்துப் பார்த்து, கால் தரையில் படாவிட்டாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. வயிற்றுவலிக்குப் போனவரை ஆஸ்பத்திரியில் மிதந்தபடியே படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். வார்டு கவுன்சிலர், இனிமேல் ரோடு போடுவது அவசரமில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசப்போய், அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் தெருவே கோபப்பட்டது.

கல்யாணத் தரகர் கோட்டைச்சாமிக்குத்தான் திண்டாட்டம். "மாப்பிள்ள அஞ்சரை அடி" என்று அவர் சொன்னால், "தரையிலேர்ந்தா, கால்லேர்ந்தா?" என்று பெண்வீட்டார் கேட்டார்கள். குழலியை வழியில் பார்த்தபோது அவர் சாணளவு உயரத்திலிருந்து குனிந்து, "என்ன தாயி, நீ மட்டும் தரையில கெடக்க?" என்றார்.

"தரையில நிக்கேன்," என்றாள் குழலி. "கெடக்கது வேற, நிக்கது வேற."

சொல்லிவிட்டு நடந்தாள். பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வீடுவரைக்கும் தன் செருப்புச் சத்தம் ஒன்றுதான் தெருவில் கேட்டது என்பதை அவள் கவனித்தாள்.

இப்போதெல்லாம் அம்மாவுக்குக் காலைப் பலகாரம் மாடியில், மத்தியானம் மாடியில், ஆவுடை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து தெருக்கோடி வரைக்கும் காற்று வாங்கப் போனார்கள், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு சாம்பல் நாரைகள் மாதிரி. யாரும் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை, பிடிக்கத் தேவையில்லை. குழலி ஜன்னலில் நின்று பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் மேடையேறி, அடுக்களையில் யாருக்குப் பேர் என்ற போட்டியில் பெண்களை மோதவிடுவது ஒரு ஏற்பாடு என்று கைதட்டல் வாங்கியவள், ஒரு கிண்ணம் பருப்புக்காக இப்படி வெந்துகொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டினாள். திட்டினால் அது அடங்குகிறதா என்ன, அது பாட்டுக்கு வெந்தது. தப்பென்று தெரிந்த பொறாமைக்குத் தெரியாத பொறாமையைவிடச் சூடு கூட.

ஒருநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் இருந்து, சிறுகீரையைச் சட்டியில் வேகவைத்து, மத்தால் கடைந்தாள். தோள் வலிக்கும்வரை கடைந்து, வலித்த பிறகும் கடைந்து, பூண்டும் சீரகமும் கீரையும் ஒன்றோடொன்று கலந்தபிறகு, முங்குமிக்சிக்கு இது எந்த விதத்தில் குறைந்தது என்று யாராவது சொல்லட்டும் என்ற வீம்போடு அம்மாவின் முன்னால் தட்டை வைத்தாள்.

அம்மா சாப்பிட்டாள். "நல்லாருக்குட்டி," என்றாள். மத்துக்குத் தப்பிய சிறு கட்டி ஒன்று அடுத்த கவளத்தில் வந்தது, சாணளவு உயரம் நாலு விரலாயிற்று, அதற்கடுத்த கவளத்தில் கால்கள் மெதுவாகத் தரையில் வந்து உட்கார்ந்தன. அம்மா முட்டியைத் தடவினாள். "கொஞ்சம் கனமா இருக்கு," என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள், எழுந்து கைகழுவப் போகக் கையை நீட்டினாள், குழலியின் இடது தோள் ஓடிப்போய் அந்தக் கைக்குக் கீழே நின்றது.

தோற்றுப்போனதற்கு அவள் அழவேண்டும். அழவில்லை. தோளில் அந்தக் கனம் விழுந்ததும் அவளுக்குள் வேறொன்று எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் அவள் அவ்வளவு நேரம் கடையவில்லை. அதற்கு மறுநாள், நன்றாகக் கடைந்துவிட்டு, வெந்த பருப்பில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து உருட்டி, கீரைக்குள் பட்டாணி அளவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டாள். வேண்டுமென்றே போட்டாள், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அம்மா சாப்பிட்டாள், இறங்கினாள், தோளைப் பிடித்தாள். மேலிருந்து வந்த கிண்ணங்களையும் குழலி ஒரு நாளும் வெறுமனே திருப்பவில்லை. முறை தவறாமல், ஒவ்வொரு கிண்ணத்திலும் கட்டி போட்ட கூட்டை நிரப்பி மாடிக்கு அனுப்பினாள். முறையை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவளை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆடி பிறந்தது, கணவாய்க் காற்று இறங்கியது. தெரு அதற்கும் வழி பார்த்தது: மிதக்கிறவர்கள் பறந்துபோகாமல் இருக்க, எந்த வீட்டிலும் வருஷக்கணக்காக மூலையில் சும்மா கிடந்த அம்மிக்குழவியை எடுத்துத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகப் பையே போதும் என்றார்கள், அது உண்மையாகவும் இருந்தது. மார்க்கெட்டில் குழவி மாறிப்போய் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள், கடைசியில் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று இருவருக்குமே தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் அறிவியல் டீச்சர் ஆவுடைச்செல்வி குழவி இல்லாமல், தரையில் கால் ஊன்றி, நின்று நின்று வீங்கிய பாதத்தோடு பஸ்ஸைப் பிடிக்க நடந்துபோனாள். முங்குமிக்சியைத் தெருவுக்கே கொண்டுவந்தவள் இறங்கி நடக்கிறாளே என்று எல்லோரும் பார்த்தார்கள். குழலியும் பார்த்தாள். பார்த்ததும் வயிற்றுக்குள் ஐஸ் வைத்ததுபோலக் குளுகுளுவென்று இருந்தது, சாப்பாட்டு நேரம் வரைக்கும் அது உருகவில்லை.

அன்று சாயங்காலம் ஆவுடை கீழே வந்தாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை கையில் கழுவின கிண்ணம் ஒன்று இருந்தது, அதில் ஒரு கரண்டி சீனி.

"குழலி, ஒன்னு கேப்பேன். கூட்டுல கட்டி தானா விழுந்துதா, நீயா போட்டியா?"

"மத்துல கடஞ்சா கட்டி இருக்கத்தான் செய்யும்."

"மத்துல கடையற வீடு தெருவுல இன்னும் இருக்கு. அவிய கூட்டுல கட்டி இப்படி உருண்டையா இருக்காது."

"பிடிக்கலன்னா கொட்டிருக்கலாம்லா?"

"கிண்ணத்துல வந்தத எவளாவது கொட்டுவாளா?" என்றாள் ஆவுடை. முதல்முறையாக அவள் குரல் ஏறியது. "அது தெரிஞ்சுதான அனுப்புன. நான் ஒவ்வொரு நாளும் தின்னுட்டு, எட்டு பீரியடு நின்னுட்டு வாரேன்."

குழலிக்கு அவள் சரிதான் என்று ஒத்துக்கொள்ளாமல் சண்டைக்கு நின்றது ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது. "நீங்க அம்மாவ மேல இழுக்கணும்னுதான பருப்பு அனுப்புனிய?"

"ஆமா."

குழலி அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தாள்.

"ஆமா, இழுக்கத்தான்," என்றாள் ஆவுடை. "இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. நானும் பக்கத்துலதான் நடக்கேன், எனக்கும் தோளு இருக்கு. அவிய கை ஒரு நாளு எம் பக்கம் வந்துதா? நீ ரயில்ல இருக்க அன்னைக்கு சொவரப் பிடிச்சு நடப்பாவ, என்னப் பிடிக்க மாட்டாவ. அது எனக்கு எப்படி இருக்கும்னு உம் புஸ்தகத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

"ரெண்டு பேரும் முடிச்சிட்டியளா?" என்றாள் அம்மா.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "கட்டி போட்டது எனக்குத் தெரியும். காலம்பூரா கீரை கடஞ்சவளுக்கு எது விழுந்த கட்டி, எது உருட்டுன கட்டின்னு நாக்குல படாதா?"

"தெரிஞ்சா பின்ன ஏம்மா தின்ன?"

"நீ போட்ட. தின்னேன். அவா ஊத்துனா, அதையும் தின்னேன். மேல போன்னா மேல போனேன், கீழ வான்னா கீழ வந்தேன். எம் முட்டிய நடுவுல போட்டு நீங்க ரெண்டு பேரும் கயிறு இழுக்கிய." அம்மா கோபப்படவில்லை, கீரையில் அழுகல் பார்க்கும் அதே நிதானத்தில்தான் பேசினாள். "முங்குமிக்சி வாங்கலாமா வேண்டாமான்னு அன்னைக்கு அத்தனை பேச்சு பேசுனியளே. இட்லிக்கு ஆகுமான்னு கேட்ட, தேங்காய்க்கு ஆகுமான்னு கேட்ட. உங்கப்பா இருந்த காலத்துலேர்ந்து இந்த அடுப்புல நிக்கவ நானு. எனக்கு வேணுமா வேண்டாமான்னு ஒருத்தி கேட்டியளாட்டி?"

வீட்டுவேலையைப் பற்றி எழுபது பக்கம் எழுதி வைத்திருந்த குழலி, அந்த எழுபது பக்கத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை. புள்ளிவிவரம் இருந்தது, மேற்கோள் இருந்தது, அம்மாவிடம் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.

"வேணுமா அத்தை?" என்று ஆவுடை மெதுவாகக் கேட்டாள்.

"வேணும். உன்னோடத இல்ல. எனக்குன்னு ஒன்னு."

மறுநாள் குழலி தென்காசிக்குப் போனாள். முங்குமிக்சி அங்கேயும் எட்டியிருந்ததால் பாத்திரக் கடைக்காரர் குழவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காற்றில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் கேட்காத கேள்வி இல்லை. தண்டு எவர்சில்வரா பிளாஸ்டிக்கா, பிளாஸ்டிக் என்றால் கொதிக்கிற பருப்பில் என்னாகும். தண்டைத் தனியாகக் கழற்றிக் கழுவலாமா. பிடி எண்ணெய்க் கையில் வழுக்குமா. பொத்தானை அமுக்கியே இருக்கவேண்டுமா, விரல் வலிக்கிற வயசானவர்களுக்கு அது எப்படி. அடி அகன்ற பாத்திரத்தில் கொஞ்சமாகப் பருப்பு இருந்தால் கத்தி முங்குமா, முங்காவிட்டால் தெறிக்குமே. வீட்டில் ஒரு மிக்சி இருக்கையில் இது எதற்கு என்று அவளாகவே கேட்டு, சூடாக, கொஞ்சமாக, உட்கார்ந்தபடி மசிப்பதற்கு என்று அவளாகவே பதிலும் சொன்னாள். கடைக்காரர், "வாங்கப் போறியளா, இல்ல பரீட்சை வைக்கியளா?" என்றார்.

எல்லாம் அம்மாவுக்காகத்தான் கேட்டாள். ஆனால் கடைசிக் கேள்வி மட்டும், மாடியில் இருப்பது எத்தனை வாட், அதைவிடக் கூட இருக்கிறதா என்பது. இருந்தது. அதைத்தான் வாங்கினாள்.

அம்மா முதல்முறை அமுக்கியபோது தண்டை மேலே தூக்கிவிட்டாள், பருப்பு எதிர்ச் சுவரில் வானவில்லாக விழுந்தது. துடைக்க ஓடிவந்த குழலியையும், படியிறங்கி ஓடிவந்த ஆவுடையையும் அம்மா ஒரு கையால் நிறுத்தினாள். "வெலகுங்க. நானே கத்துக்கிடுதேன்." முக்காலியில் உட்கார்ந்து, பாத்திரத்தைக் காலிடுக்கில் வைத்து, சாய்த்து முக்கி, முக்கிய பிறகு அமுக்கினாள். பருப்பு சுழன்றது, மஞ்சள் வெளுத்தது, ஓசை மாறி மாறிக் கடைசியில் ஒரே சீராக நின்றது. அம்மா அதைச் சோற்றில் பிசைந்து, தனக்குத் தானே போட்டு, மெதுவாகச் சாப்பிட்டாள். ஒரு சாண் உயர்ந்தாள், பிறகு இன்னும் இரண்டு விரல். குழலி ஓரக்கண்ணால் ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடையும் அந்த இரண்டு விரலைத்தான் அளந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு அம்மா உள்ளே போய் மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்தாள், துணிப்பையில் குழவியைப் போட்டாள், அடுப்பு மேடையில் இருந்த குழலியின் கீரைக்கூட்டிலிருந்து உருண்டை பார்த்து நாலைந்து கரண்டி ஒரு டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா?"

"எறங்கணும்னு தோணுனா எறங்கணும்லா."

"எங்க போற?"

"குத்தாலத்துக்கு. அருவியில தண்ணி நல்லா விழுதாம். பாறை வழுக்கும்னு எத்தனை வருசமா என்ன யாரும் கூட்டிட்டுப் போகல." டப்பா மூடியை அழுத்தி மூடினாள். "இப்ப வழுக்க காலு பாறையில பட்டாத்தான?"

"நான் வாரேன்," என்றாள் குழலி.

"நானும் லீவு போட்டுருதேன்," என்றாள் ஆவுடை.

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்றாள் அம்மா, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. கேட்டுவிட்டு வாசலைக் கடந்தாள். சேலைக் கொசுவம் காற்றில் படபடத்தது, குழவி அவளைப் பிடித்து வைத்திருந்தது, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் குத்தாலம், குத்தாலம் என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

குழலியும் ஆவுடையும் வாசற்கதவுக்கு ஆளுக்கொரு பக்கமாக, நாலு கால்களையும் தரையில் ஊன்றி நின்றார்கள்.

"உங்களக் கூப்பிடுவாவன்னு நெனச்சேன்," என்றாள் குழலி.

"நான் உன்னக் கூப்பிடுவாவன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டிருந்தா?"

"செத்துருப்பேன்," என்றாள் ஆவுடை. தெருவை எட்டிப் பார்த்து, "சிரிச்சிட்டே போறாவ பாத்தியா?" என்றாள்.

குழலி பார்த்தாள். மாடியில் கேட்ட சிரிப்பு இல்லை இது, தன் தோளைப் பிடித்தபோது சிரித்த சிரிப்பும் இல்லை. இருவருக்கும் ஒரே இடத்தில் சுருக்கென்றது. ஒருத்தி மேல் ஒருத்தி படுவதற்கு மிச்சமில்லாமல் அவ்வளவு பொறாமையும் இப்போது தெருக்கோடியில் போய்க்கொண்டிருக்கும் அந்த நீலச் சேலையின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் நல்ல மனுஷர், வயசான அம்மா என்று பார்த்து, படியில் இறங்கி நின்று கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை, அதற்கு மேலாகவே ஏறி உள்ளே போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கண்டக்டர் அதைத் தன் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார்.

குழலி ஆவுடையைப் பார்த்தாள், ஆவுடை குழலியைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் வயிறு குளிர்ந்தது.